புது மூக்கு

ஜூன் 10

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். அக்கா மகள் எழிலரசி அந்தக் கண்ணாடிச் சில்லை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்றே, கையில் வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழிலு, இது ஒழுகும்" என்றேன். எந்த மூலையில் ஒழுகும், எந்த மாதம் ஒழுகும் என்பதையும் சொல்லியிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரி சௌந்தரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். இன்று ஒழுகிவிட்டது.

காலையில் எழில் போன் செய்தாள்.

"மாமா, நீங்க கேஸ் ஏஜென்சியில இருந்தப்ப சிலிண்டர் லீக்கை மோந்தே கண்டுபிடிப்பீங்களாமே? அம்மா சொன்னாங்க."

"கிட்ட போய் மோந்து பாக்கணுமா? தெருமுனையில நின்னு ஒரு இழுப்பு இழுத்தா போதும். மூணாவது வீடு, ரெண்டாவது பர்னர்னு சொல்லிருவேன். திருச்சி ஜில்லாவுல இந்த மூக்குக்கு ஈடு கிடையாது."

"அப்ப ஒரு மாசம் எங்க லேபுக்கு வாங்க மாமா. உங்க மூக்கு வேணும்."

பத்தாம் வகுப்பில் மூன்று தடவை என்னைக் கவிழ்த்த படிப்பு, கடைசியில் என் மூக்கைத் தேடி வந்திருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

இந்த டைரி ஏஜென்சியில் கொடுத்தது. பழைய வருடத்து டைரி. கிழமை தப்பாக இருக்கும், தேதி சரி.

ஜூன் 12

முதல் நாள். எழில் ஆராய்ச்சி செய்யும் கல்லூரி புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. வாசலில் என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து நின்றான். விஞ்ஞானி என்று நினைத்திருப்பான்.

ஆய்வுக்கூடம் என்றால் பளபள என்று இருக்கும் என எண்ணியிருந்தேன். சீ. கழற்றிப் போட்ட ரப்பர் கையுறைகள் வியர்வையோடு ஒட்டிச் சுருண்டு, உரித்த பல்லி மாதிரி ஒரு டப்பாவில் கிடக்கின்றன. மேசை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. புரொபசர் தேவசகாயம் அதே மேசையின் ஓரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துப் புளிசாதம் சாப்பிடுகிறார். பி.எச்.டி. வாங்கிய மனிதர்.

சில்லைப் பற்றி எழுதிவைக்கிறேன், பிற்காலத்தில் யாராவது கேட்டால் உதவும். தீப்பெட்டி அளவுக் கண்ணாடி. உள்ளே முடி அகலத்தில் வாய்க்கால்கள். நான்கு வாய்கள், ஒவ்வொரு வாய் வழியாகவும் ஒரு சரக்கு உள்ளே போகும். நான்கும் நடுவில் சந்தித்து, வளைந்து வளைந்து ஓடிக் கலந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் கொஞ்சம் எண்ணெய், ஒன்றோடொன்று சேராமல் இருக்க. முதல் மூன்று வாய்களிலும் நான்கு நான்கு சரக்குகளை மாற்றி மாற்றி விட்டால் அறுபத்து நான்கு வகைப் புதுச் சரக்கு கிடைக்கும். குடுவையில் செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஆகுமாம். இதில் எல்லாமே மூன்று நாளில் முடியும். அந்த அறுபத்து நான்கு குப்பிகளுக்கு லைப்ரரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"இந்த அறுபத்தி நாலும் ஜூலை இருபதுக்குள்ள அனுப்பியாகணும் மாமா" என்றாள் எழில். "வெளியூர்ல ஒரு டீம் யானைக்கால் புழு மேல போட்டுப் பாக்குறாங்க. ஏதாவது ஒண்ணு புழுவைக் கொன்னா மருந்தாகும். தேதி தவறினா எங்க இடத்தை வேற காலேஜுக்குக் குடுத்துருவாங்க. என் மூணு வருஷம் குப்பைக்குப் போயிரும்."

தொல்லை நான்காம் வாயில். அதில் போகும் ஐசோநைட்ரைல் என்கிற சரக்கு நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். "பெரிய விஷம் இல்ல மாமா, நாத்தம்தான்" என்றாள். அதோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கு அரை மணியில் மூக்கு மரத்துவிடும், ஒழுகினாலும் தெரியாது. ஒழுகும் அளவோ ஊசிமுனை. கண்ணுக்கும் தெரியாது. அதனால் இங்கே ஒரு பழக்கம். வெளி வராந்தாவில் ஓர் ஆளை உட்காரவைத்து, மணிக்கொரு தரம் உள்ளே கூப்பிட்டு முகரச் சொல்வார்கள். அந்த ஆளுக்குப் பேர் புது மூக்கு. முகர்ந்துவிட்டு ரிஜிஸ்டரில் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ எழுத வேண்டும். ஒரு வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது. எனக்கு முன்னால் இருந்த புது மூக்கு ஒரு மாணவி. எட்டாம் நாள் வாந்தி எடுத்துவிட்டு ஓடிவிட்டாளாம்.

பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். எழில் என் முகத்தையே பார்த்தாள். புரொபசர் பார்த்தார். மூலையில் துடைப்பக்கட்டையோடு நின்ற லூர்துமேரி, இங்கே கூட்டித் துடைக்கிற பெண், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உண்டு" என்றேன். "அடேயப்பா! செத்த எலியை ஈரச் சாக்குல கட்டி, அது மேல கூமுட்டையை உடைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. குடல் வாய்க்கு வருது."

எழில் ஓடிப்போய் நான்காம் வாயின் திருகை இறுக்கினாள். பதினோரு மணிக்குப் போனபோது லூர்துமேரி முந்தானையை எடுத்திருந்தாள். 'இல்லை' என்று எழுதினேன்.

"மாமா, நீங்க எங்களுக்குக் கிடைச்ச வரம்" என்றாள் எழில்.

புரொபசர் என் இடது புருவம் ஏன் இல்லை என்று கேட்டார். ஜல்லிக்கட்டில் காளை உரசிக்கொண்டு போனதைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார். பல்லிடுக்கில் புளிசாதம்.

ஜூன் 13

பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. பின்சீட்டும் காலி. கல்லூரியில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்தால் ஜனங்களுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

வீட்டில் சௌந்தரம் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "சட்டையைக் கழட்டி வேப்பமரத்துல போட்டுட்டு உள்ள வாங்க. பெனாயில் ஊத்தித் துவைச்சாலும் போகாது போலிருக்கு. என்ன கருமத்தை மேல பூசிட்டு வர்றீங்க?"

"விஞ்ஞானம்" என்றேன்.

ஜூன் 14

இன்று எழில் சில்லின் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். லால்குடி வாய்க்கால் கரையில் வளர்ந்தவன் நான். பார்த்த மாத்திரத்தில், "நேரா ஓடவிட்டா கலக்காது கண்ணு, வளைச்சு விடு" என்றேன். ஏற்கெனவே வளைத்துத்தான் வரைந்திருந்தாள். என் மனதில் ஓடியது அவள் கையில் வந்திருக்கிறது. ரத்த பந்தம்.

இந்த மாதிரி ஒரு சில்லைக் கண்ணாடியில் அரித்து, மேல்மூடி போட்டு, சூளையில் ஒட்டி எடுக்க மூன்று வாரம் ஆகுமாம். கையில் இருப்பது இந்த ஒன்றுதான்.

ஜூன் 17

பத்து மணி உண்டு. பதினொன்று இல்லை. பன்னிரண்டு உண்டு.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் எழில். "முதல் நாள் செத்த எலின்னீங்க. நேத்து எரிஞ்ச டயர்னீங்க. இன்னிக்கு அழுகின பலாக்கொட்டைங்கறீங்க. சரக்கு ஒண்ணுதானே?"

"உன் மாதிரி மூக்குக்கு ஒண்ணு. எனக்கு அதுக்குள்ள அடுக்கடுக்காத் தெரியும்."

அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். படித்த பிள்ளைகளிடம் உள்ள நல்ல குணம் இது, எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்கிறார்கள்.

மதியம் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். லூர்துமேரி வாளியோடு அந்தப் பக்கமாக வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தச் சாம்பார் ஊசிப்போச்சு. படிக்கட்டு வரைக்கும் வீசுது. எப்படிண்ணே வாயில வைக்கிறீங்க?"

"எங்க வீட்டுச் சாம்பார் அப்படித்தான் இருக்கும். அதுல ஒரு புளிப்பு" என்றேன்.

ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அழுக்குத் தண்ணீரில் கை விட்டுப் பிழிகிறவளுக்குச் சாம்பாரைப் பற்றி என்ன தெரியும்.

ஜூன் 18

வயிறு. லீவு. விவரம் எழுதுவதற்கில்லை. சீ.

ஜூன் 22

லூர்துமேரிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஹாஸ்டல் பக்கம் வேலை. அந்த நாட்களில் ஆய்வுக்கூடம் அமைதியாக இருக்கிறது. எட்டுத் தரம் உள்ளே போனேன், எட்டுத் தரமும் 'இல்லை'. எழிலுக்கும் மற்றவர்களுக்கும் மூக்கு மரத்திருப்பதால் அவர்கள் முகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது. முகத்தை ஏன் பார்க்கிறேன் என்றால், ஓர் அக்கறை.

ஜூன் 25

இந்த லூர்துமேரிக்கு வாய் நீளம்.

பதினோரு மணிக்கு நான் உள்ளே போகும்போது அவள் வாசலை ஒட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மூக்கைப் பொத்தினாள். 'உண்டு' என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, இப்ப அங்க ஒரு வாசமும் இல்ல. நான் சும்மா பொத்தினேன்."

"உனக்குத் தெரியாது. லேசா இருந்துச்சு."

"லேசா இருந்தா எனக்கில்ல முதல்ல தெரியும்? ஏன் அண்ணே, உங்க மூக்கு என் மூஞ்சியிலயா இருக்கு?"

"யார்கிட்ட பேசுற? இருபத்திரண்டு வருஷம் கேஸ் ஏஜென்சியில..."

"தெரியும் தெரியும். தெருமுனையில நின்னு ரெண்டாவது பர்னர். வாட்ச்மேன்கிட்டகூட சொல்லியிருக்கீங்க." வாளியைத் தூக்கினாள். "புருவம் எப்படிண்ணே போச்சு?"

"தீபாவளி ராக்கெட்."

"காளைன்னாருல்ல புரொபசர்?"

போய்விட்டாள். அவள் துடைப்பக்கட்டைத் துணியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. சாம்பல் நிறம், நூல் நூலாக, மூழ்கிச் செத்தவன் தலைமுடி மாதிரி. இந்த மாதிரி ஆட்களை எல்லாம் விஞ்ஞானம் நடக்கிற இடத்தில் எதற்கு விடுகிறார்கள்?

ஜூன் 30

எழில் ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படம் போட்டுவிட்டாள். சிவப்புப் புள்ளி என்றால் உண்டு, பச்சைப் புள்ளி என்றால் இல்லை. புரொபசரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் நின்றேன்.

"சார், லூர்தக்கா வர்ற நாள்ல மட்டும்தான் லீக் ஆகுது. அவங்க ஹாஸ்டல் போற நாள்ல ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்ல."

புரொபசர் வெகுநேரம் பார்த்தார். "துடைக்கும்போது கட்டை மேசைக்கால்ல இடிக்குது. ஆட்டத்துல நாலாம் வாய் திருகு தளருது. வேறென்ன இருக்கு?"

லூர்துமேரியைக் கூப்பிட்டார்கள். "நான் இடிச்சதே இல்ல சார்" என்றாள். படத்தைக் காட்டினார்கள். படத்தோடு யார் வாதாட முடியும்?

நாளையிலிருந்து அவளுக்கு முழுக்க ஹாஸ்டல். நாற்பது கக்கூஸ், மூன்று மாடி, லிப்ட் கிடையாது. அவளுக்கு முட்டி வலி உண்டு. அதனால்தான் ஆய்வுக்கூட வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாளாம். இதெல்லாம் வாட்ச்மேன் சொன்னது.

போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் ரிஜிஸ்டருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் போட்டேன். நான்கு பக்கம்.

நான் என்ன செய்ய முடியும்? படம் போட்டது அவர்கள்.

ஜூலை 1

இல்லை.

ஜூலை 2

இல்லை. நாள் முழுக்க இல்லை. எழிலுக்கு ஒரே சந்தோஷம். கேன்டீனில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். பஞ்சைத் தின்பதுபோல் இருந்தது. அந்தக் கேன்டீன் எண்ணெய் அப்படி.

ஜூலை 4

இல்லை. ஹாஸ்டல் பின்வாசல் வழியாக வந்தேன், அது குறுக்கு வழி. லூர்துமேரி படியில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாக்கடை, அந்தக் குவிந்த பஞ்சும் தாளும், மேலே ஈ. கண்ணால் பார்த்ததற்கே எனக்கு உடம்பு கூசியது. நாளையிலிருந்து முன்வாசல்.

ஜூலை 9

"இன்னும் ரெண்டு மூணு பேரை மோக்க வச்சுட்டுத்தான் நம்பணும்னு இருந்தேன் மாமா. ஆனா ஒன்பது நாளா ஒரே ஒரு லீக்குகூட இல்ல. இன்னிக்கு ஆரம்பிச்சிடறேன்" என்றாள் எழில். அறுபத்து நான்கையும் ஓட விட்டுவிட்டாள். மூன்று நாள் ஓடும். பூசைக்கு நிற்பதுபோல் எல்லோரும் நின்றார்கள். முகரக் கூப்பிட்டார்கள். நின்றேன். முகங்களைப் பார்த்தேன்.

இல்லை.

ஜூலை 13

அறுபத்து நான்கில் முப்பத்தேழு குப்பிகள் சரியில்லை. சோதனை மெஷின் சொல்கிறது. நான்காம் வாய்ச் சரக்கு போதுமான அளவு போய்ச் சேரவில்லையாம்.

எழில் மேசைக்குக் கீழே குந்தி உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் அக்கா அடித்தால் இப்படித்தான் கட்டிலுக்குக் கீழே போய் உட்காருவாள்.

"ரெண்டே காரணம்தான் மாமா இருக்க முடியும். ஒண்ணு, வழியில ஒழுகியிருக்கணும். இல்லேன்னா என் டிசைனே தப்பா இருக்கணும், உள்ள சரியாக் கலக்கல. ஒழுகலைன்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுது."

ரிஜிஸ்டரை எடுத்து மூடி வைத்தேன்.

"ஒழுகியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்" என்றாள். "வாயில இருக்கிற ரப்பர் வளையத்தை மாத்திட்டு மூணு நாள்ல மறுபடி ஓட்டிருவேன். டிசைன் தப்புன்னா புதுச் சில்லு பண்ணணும். மூணு வாரம். அவ்வளவுதான், முடிஞ்சுது."

ஜூலை 14

நாளைக் காலை அந்த வெளியூர்க் குழுவுக்கு எழுதிவிடப் போகிறாளாம், எங்களால் ஆகாது, எங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று.

சௌந்தரம் மீன் குழம்பு வைத்திருந்தாள். உள்ளே இறங்கவில்லை. குழம்பின் மேல் மிதந்த எண்ணெய் வட்டங்களைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. "வாசத்துக்கே இன்னொரு கவளம் இறங்குமே, என்ன ஆச்சு?" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 15

இன்று நடந்ததை விவரமாக எழுதிவைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பேசப்பட வேண்டிய நாள் இது.

காலை ஒன்பதரை. எழில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடிதத்தை அடித்து முடித்துவிட்டாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. புரொபசர் பக்கத்தில். நான் வாசலில் நின்றேன். நின்றேனா? சிங்கம் மாதிரி உள்ளே போனேன். மேசையை ஓங்கித் தட்டினேன். குப்பிகள் அதிர்ந்தன.

"நிறுத்து எழிலு! உன் டிசைன் தப்பில்ல. தப்பு என் மூக்குல. மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல்ல என் மூக்கு செத்துப்போச்சு. ரோஜாவும் ஒண்ணுதான், பீயும் ஒண்ணுதான் எனக்கு. லூர்துமேரி மூஞ்சியைப் பாத்துத்தான் இத்தனை நாளும் எழுதினேன். அவ மூக்கைப் பொத்தினா உண்டு, பொத்தலைன்னா இல்லை. அவ இல்லாத நாள்ல எனக்கு ஏது மூக்கு? அதான் ஒன்பது நாளும் இல்லை."

புரொபசர் எழுந்துவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்ற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் ரெங்கராசு!" கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஹாஸ்டலுக்கு ஆள் அனுப்பி லூர்துமேரியை வரவழைத்தார்கள். வாசலிலேயே அவள் மூக்கைப் பொத்தினாள். நேராக வந்து நான்காம் வாயைக் காட்டினாள். கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் சரக்கில் ஊறி, சோற்றுப் பருக்கை மாதிரி உப்பிப் பிளந்து கிடந்தது. பிசுபிசு என்று. கருமம்.

வேறு ரக வளையம் போட்டார்கள். அறுபத்து நான்கையும் மறுபடி ஓட விட்டாயிற்று. லூர்துமேரியை அங்கேயே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "அண்ணே, நீங்க தெய்வம்" என்று அழுதாள். எழில் காலில் விழ வந்தாள், நான் தடுத்துவிட்டேன்.

ஜூலை 18

மெஷின் சொல்லிவிட்டது. அறுபத்து நான்கில் அறுபத்திரண்டு சரி. மற்ற இரண்டும் சரக்கின் குணமாம், சில்லின் குற்றம் இல்லையாம். எழில் டிசைன் தங்கம்.

ஜூலை 19

குப்பிகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி அனுப்பினார்கள். ஒரு நாள் முன்னதாகவே. எழில் இனிப்பு கொடுத்தாள். லூர்துமேரிக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன். "அவங்க ஹாஸ்டல்ல இருப்பாங்க மாமா, நீங்க போற வழியில குடுத்துருங்களேன்" என்றாள்.

பின்வாசல் வழியாகப் போனேன். மூன்றாம் மாடியில் இருந்தாள். இறங்கிவரச் சொல்ல மனசு வரவில்லை. நானே ஏறினேன். ஈரத்தரை, அடைத்துக்கொண்ட குழாய், நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு அவள். இனிப்பை வாங்கிக்கொண்டாள்.

"எழில் பாப்பாவோடது எல்லாம் சரியாயிருச்சா அண்ணே?"

"சரியாயிருச்சு."

"நல்லாருக்கட்டும். உங்க ஜலதோஷம்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. கிண்டலாகக் கேட்கவில்லை.

ஜூலை 20

காலை எட்டு மணி. ஆய்வுக்கூடத்தில் இன்னும் யாரும் வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதியில் எழுதியிருப்பதில் பாதி நான் கட்டியது. வளையம் உப்பியது, குப்பிகள் சரியானது மட்டும் நடந்ததுதான். நான் மேசையைத் தட்டவில்லை. நான் எதையும் சொல்லவில்லை.

வாசலில்தான் நின்றேன். எழில் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் முன்னால்தான் உள்ளே போய் முகர்ந்து 'இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருந்தேன். அப்போது லூர்துமேரி வந்தாள். யாரும் ஆள் அனுப்பவில்லை. மூலையில் அவள் விட்டுவிட்டுப் போன ரப்பர் செருப்பை எடுக்க வந்தாள். வாசலில் கால் வைத்ததும் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

"ஐயோ, இன்னும் இந்தக் கருமம் போகலையா? முன்னைக்கு இப்ப தூக்கலா இருக்கே."

எழில் திரும்பினாள். "என்னக்கா சொல்றீங்க? மாமா இப்பத்தான் இல்லைன்னு எழுதினாரு." என்னைப் பார்த்தாள். "மாமா?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

லூர்துமேரி என்னைப் பார்த்தாள். எழிலைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அண்ணனுக்கு ஜலதோஷம் பாப்பா. பத்து நாளா மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் திரியுறாரு. உங்ககிட்ட சொன்னா வேலையை விட்டுருவீங்கன்னு பயந்திருப்பாரு."

பத்து நாளாக அவள் என்னைக் கிட்டே பார்த்ததுகூட இல்லை.

நான் மூக்கை உறிஞ்சினேன். அவள் சொன்னதற்குச் சாட்சியாக, இரண்டு தரம், நன்றாகச் சத்தமாக உறிஞ்சினேன். இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ அருவருப்பை எழுதியிருக்கிறேன். செத்த எலி, கூமுட்டை, எல்லாம் கற்பனை. அந்த இரண்டு உறிஞ்சல் மட்டும்தான் நிஜமான அருவருப்பு.

அவள் போய் நான்காம் வாயைக் காட்டினாள். செருப்பை எடுத்துக்கொண்டாள். ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனாள். ஜூனில் மேசையை இடித்தது அவள்தான் என்று இன்னும் எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு ஜலதோஷம் பத்து நாள்தானே, ஜூனில் என் மூக்கு நன்றாகத்தானே இருந்தது.

என்னைத் தெய்வம் என்று யாரும் சொல்லவில்லை. புரொபசர் புளிசாதம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காளையும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், ஒரு வீட்டில் அந்த அம்மா, "கேஸ் வாசம் வருதே" என்றார்கள். மூச்சை இழுத்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி நானே தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். திரைச்சீலை எரிந்தது, புருவம் எரிந்தது. அந்த அம்மா அப்போது பின்கட்டில் இருந்தார்கள், நல்லவேளை. ஏஜென்சியை நான் விடவில்லை. அனுப்பிவிட்டார்கள். சௌந்தரத்துக்குத் தெரியாது. எழில் போன் செய்து "உங்க மூக்கு வேணும்" என்றபோது, மூன்று வருடத்துக்குப் பிறகு யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

ரிஜிஸ்டரை எடுத்தேன். ஜூன் 12 முதல் ஜூலை 15 வரை, ஒவ்வொரு வரியிலும் இருந்த உண்டையும் இல்லையையும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'மூக்கு இல்லை' என்று எழுதி, ரெங்கராசு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், லூர்துமேரி இடிக்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்து எழுதினேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தைக்கு மேல் கூடாது என்பது விதி. மீறிவிட்டேன்.

எழிலின் மேசை மேல் திறந்து வைத்திருக்கிறேன். கீழே அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்கிறது. சட்டை நாறுகிறது என்று காலையிலும் சௌந்தரம் சொன்னாள். நாறும்தான் போலிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?